பாயோட டப்பா

திருப்பத்தூரில் கிளம்பும்போது ஜீப்பில் பதினோரு பேர் இருந்தார்கள். மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் காஷிஃபா எண்ணிப் பார்த்தபோது பதினாறு பேர் இருந்தார்கள். நடுவில் வண்டி எங்கும் நின்றதாக அவளுக்கு நினைவே இல்லை. பாதி உடம்பு சீட்டிலும் பாதி உடம்பு காற்றிலுமாக உட்கார்ந்திருந்தவள், மடியிலிருந்த துணிப்பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். பையில் ஒரு பழைய யாஷிகா காமிரா, ஃபிலிமைச் சுற்றி அடைக்கும் காலி டப்பிகள் இரண்டு, ஒரு கிலோ மக்கன் பேடா இனிப்பு. காமிராவுக்குள் ஃபிலிம் இல்லை. நான்கு மாதமாகவே இல்லை. ஆனாலும் வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் கை மக்கன் பேடாவை விட்டுவிட்டுக் காமிராவைத்தான் பிடித்தது.

அவளுக்கு முப்பத்தேழு வயது. வாணியம்பாடியில் ஒரு தோல் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒன்பது வருடமாக ஃபிலிமில், அதுவும் கறுப்பு வெள்ளையில் மட்டும், படம் எடுக்கிறாள். "கைல இவ்ளோ பெரிய போன வெச்சிக்கினு இன்னா பைத்தியம் இது?" என்று கணவன் ஹம்மாத் கேட்டுக் கேட்டு, கேட்பதையே விட்டுவிட்டான். அவளால் அவனுக்குப் பதில் சொல்ல முடிந்ததில்லை. போனில் எடுத்தால் அவள் எதையும் பார்ப்பதில்லை. எடுத்து எடுத்துத் தள்ளிவிடுகிறாள். ஒரு ரோலுக்கு முப்பத்தாறே முப்பத்தாறு படம்தான் என்று தெரிந்தால் மட்டும் ஒரு முகத்தின் முன்னால் நின்று பார்க்கத் தோன்றுகிறது. வீடு, வேலை, இரண்டு பிள்ளைகள் என்று நாள் முழுக்க ஓடுகிறவளுக்கு அந்த நிற்பது ஒன்றுதான் சொந்தமாக இருந்தது.

படம் கழுவும் மருந்துக்கு அவள் ஊரில் பஞ்சமில்லை. ஹைப்போ உப்பு தோல் பதனிடவும் வேண்டியிருப்பதால் கெமிக்கல் கடையில் மூட்டையாகவே கிடைக்கும். படத்தை வெளியே கொண்டுவரச் சலவை சோடா, வைட்டமின் சி பொடி, இருப்பதிலேயே மட்டமான காப்பித்தூள். மூன்றையும் கலக்கினால் குளியலறை முழுக்க ஒரு நாற்றம் வரும், படமும் வரும். ஃபிலிம்தான் கிடைக்கவில்லை. அவள் தொடங்கியபோது ஒரு ரோல் முந்நூறுக்குள் இருந்தது. இப்போது தொள்ளாயிரத்தைத் தாண்டிவிட்டது. மலிவாக எங்கே கிடைக்கும் என்று அவள் தேடாத இடமில்லை. கல்கத்தாவில் ஒருவர் சினிமா ஃபிலிமின் மிச்சத்தை வெட்டி அனுப்பினார். அதன் முதுகிலிருந்த கறுப்புப் பூச்சு கரைந்து வீட்டுக் குழாயை அடைத்துக்கொண்டது. எக்ஸ்ரே ஃபிலிமை வாங்கிக் கத்தரித்துப் பார்த்தாள்; தொட்ட இடமெல்லாம் கீறல். இணையத்தில் ஒரு புண்ணியவான் 'பிரிக்காத ரோல்' என்று விற்றதைக் கழுவிப் பார்த்தால், அவள் எடுத்த படங்களுக்கு நடுவே யாரோ ஒரு குடும்பம் கொடைக்கானல் படகில் சிரித்துக்கொண்டிருந்தது.

போன மாதம் தோற்றுப்போய்விட்டாள். இந்த வருடப் பள்ளிக்கூடச் செலவுக்கு முன்னால் தன் ஆசை எடுபடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காமிரா விற்பனைக்கு என்று விளம்பரம் போட்டாள். சென்னையிலிருந்து விஜயராஜ் என்பவர் நல்ல விலைக்குக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

நடுவில் ஃபரூக் மாமுவின் போன் வந்திருக்காவிட்டால் அவள் இந்த ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்திருக்க மாட்டாள். வாணியம்பாடி பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் அவர். கடையை மூடிவிட்டுப் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய்ப் பதினாலு வருடம் ஆகிறது. பழைய ஸ்டுடியோக்காரர்கள் ஒருவர் விடாமல் கேட்டு வந்த காஷிஃபாவின் பட்டியலில் கடைசிப் பெயர். அவள் அனுப்பிய செய்தியை இரண்டு வாரம் கழித்துப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார்.

"அஞ்சு டப்பா ஃபிலிமு கீதும்மா. பிளாக் அண்ட் ஒயிட்டு. ஒவ்வொண்ணும் நூறடி. பிரிக்கவே இல்ல."

"எங்க மாமு கீது?"

"புளியில."

கிழவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அவர் விளக்கினார். ஸ்டுடியோ வாசலில் பலாப்பழம் போட்டு விற்ற புதூர்நாட்டுக்காரர் ஒருவர் உண்டு, சின்னதம்பி என்று பெயர். மலையில் அவருக்குப் புளியமரங்கள் இருந்தன. விலை ஏறும்வரை புளியைக் கீழே குளிர்கிடங்கில் போட்டு வைப்பார். ஃபிலிமும் குளிரில் இருந்தால் வருடக்கணக்கில் கெடாது. திரும்பி வந்து கடை திறக்கலாம் என்ற நப்பாசையில் மாமு ஐந்து டப்பாவையும் துணியில் கட்டிச் சின்னதம்பியின் புளி மூட்டைக்குள் வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"வெல இன்னா மாமு?"

"வெலயா? அந்த மனுசனயும் அவரு பொஞ்சாதியயும் ஜோடியா நிக்க வெச்சி ஒரு படம் புடிச்சி, காயிதத்துல போட்டுக் குடுக்கறேன்னு வாக்கு குடுத்தேன். போகவே முடியல. அத நீ செஞ்சிடு. அதான் வெல."

போனை வைத்தபோது அவள் அஸர் தொழுகை முடித்து, விரிப்பை மடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு டப்பாவுக்குப் பதினெட்டு ரோல். ஐந்து டப்பாவுக்குத் தொண்ணூறு. அவள் எடுக்கிற வேகத்துக்குப் பத்து வருடம் காணும். விரிப்பில் உட்கார்ந்தபடியே பெருக்கிப் பார்த்ததற்கு அல்லாஹ்விடம் மன்னிப்பும் கேட்டு, நன்றியும் சொன்னாள். அடுத்த நிமிடமே சின்னதம்பிக்குப் போன் போட்டாள்.

"பாய் சொன்னாருங்க," என்றார் அவர். "வியாழக்கெழம கோல்டு ஸ்டோரேஜுக்குப் போறேன், எடுத்தாந்து வெக்கிறேன். மறுநாளு வாங்க."

"அண்ணா, ஒரே ஒரு விஷயம். குளிர்லருந்து வெளிய வந்தா டப்பாவுக்கு வேர்க்கும். ஈரம் மட்டும் படக்கூடாது. ஈரம் பட்டா எல்லாம் போச்சு."

"ஈரந்தான? அத எங்க வூட்டுல பாத்துக்குவா. நீங்க கவலயே படாதீங்க."

அந்த வார்த்தையை நம்பி நான்கு நாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஜீப் நிற்குமிடத்தில் சின்னதம்பி காத்திருந்தார். அறுபதை நெருங்கிய, ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டையில் கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை. தலையில் எண்ணெய் காதோரம் வழிந்திருந்தது. படத்துக்காகத்தான் இந்த அலங்காரம் என்று புரிந்து காஷிஃபாவுக்கு ஒரே சந்தோஷம். அறுத்து முடிந்த சாமைக் கொல்லையின் வரப்பில் முன்னால் நடந்துகொண்டே அவர் தன் மனைவி மங்கம்மாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். காலையிலிருந்து ஒரு வேலை பார்க்கவில்லையாம், டப்பா வேலைதானாம். டப்பாவில் என்ன வேலை என்று காஷிஃபா கேட்க நினைத்தாள். அதற்குள் வீடு வந்துவிட்டது.

வீட்டை ஒட்டி ஒரு தட்டைப் பாறை. பாதிப் பாறையில் கோதெடுத்த புளி காய்ந்துகொண்டிருந்தது. மறுபாதியில், இரண்டடிக்கு ஒன்றாகக் கூழாங்கல் வைத்து, சாம்பல் நிற நாடா வரிவரியாக விரிந்து கிடந்தது. பாறையில் இடம் போதாமல் அது புளியமரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறி, வளைந்து இறங்கி, துணிக்கொடியைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் பாறைக்கே வந்திருந்தது. வெயில் நேராக விழுந்த இடங்களில் சாம்பல் நிறம் நாவற்பழக் கறையைப் போல மாறத் தொடங்கியிருந்தது. நடுவில் குந்தியிருந்த ஒரு பெண்மணி, அப்பளம் காயவைக்கிறவளின் பொறுமையோடு, ஒவ்வொரு வரியாக எடுத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க பாயம்மா," என்று மங்கம்மாள் முகம் நிறையச் சிரித்தாள். "ரெண்டு தடவ பெரட்டிப் போட்டுட்டேன். டப்பாவெல்லாம் இன்னா வேர்வ வேர்த்துச்சி தெரியுமா? உள்ள கறுப்புக் காயிதம் கூட சில்லுனு இருந்துச்சி. இப்ப வந்து தொட்டுப் பாருங்க. சொட்டு ஈரமில்ல."

காஷிஃபா பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜீப்பில் வந்த தலைசுற்றல் என்று நினைத்துச் சின்னதம்பி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்குவதும் பத்து வருடத்து ஃபிலிம் வெயிலில் கிடப்பதும் ஒன்றாகத் தெரிந்தது. கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று சுற்றிப் பார்த்தாள். குளிரில் வை என்று மாமு சொன்னார். ஈரம் படக்கூடாது என்று இவள் சொன்னாள். வெளிச்சம் படக்கூடாது என்று யாருமே சொல்லவில்லை. அவளுக்கும் மாமுவுக்கும் அது நெருப்பு சுடும் என்பதைப் போல. யாராவது எடுத்துச் சொல்வார்களா? இங்கேயோ, பாறையும் வெயிலும் இருக்கிற ஊரில், ஈரம் பட்டதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இதைத் தவிர வேறு என்ன செய்வார்கள்? அவர்களிடம் கொடுத்த பொருளை அவர்கள் தங்கள் புளியைப் பார்த்துக்கொள்கிற அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா காஞ்சிகீதா?" என்று கேட்டாள் மங்கம்மாள்.

காஷிஃபா ஒரு வரியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. "நல்லா காஞ்சிருக்கு அக்கா," என்றாள். அது பொய்யில்லை.

சின்னதம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாயைப் பற்றி விசாரித்தார். உடம்பு எப்படி, பேரப்பிள்ளைகள் எத்தனை. பிறகு தன் போக்கில் டப்பாவின் கதையைச் சொன்னார். வருடா வருடம் பழைய மூட்டையை விற்கும்போது டப்பாக்களை எடுத்துப் புது மூட்டைக்குள் வைப்பாராம். ஒரு வருடம் விலை சரிந்து எல்லாரும் கிடங்கைக் காலி செய்தபோது, இவர் மட்டும் ஒரு மூட்டையை விற்காமலே விட்டு வைத்திருக்கிறார்.

"ஏன் அண்ணா?"

"பாய் டப்பா கீதே அதுக்குள்ள. எடுத்துட்டா எங்க வெக்கிறது? குளிர்ல இருக்கணும்னாரே."

"உள்ள இன்னா இருக்குதுன்னு தொறந்து பாக்கவே இல்லியா?"

"அடுத்தவங்க பொருளு. நமக்கு எதுக்குங்க?" என்றார். சற்று யோசித்து, "நீங்க ஈரம்னு சொன்னதுனாலதான் இன்னிக்குத் தொறந்தோம்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

காஷிஃபா முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்று அவர் நினைத்திருப்பார். பதினாலு வருடம். அவளுடைய சின்னப் பிள்ளை பிறப்பதற்கு முன்னாலிருந்து, அவள் காமிராவைத் தொடுவதற்கு முன்னாலிருந்து, முன்பின் தெரியாத இரண்டு பேர் அவளுக்காக இதைப் பத்திரப்படுத்தி வந்திருக்கிறார்கள். அந்த நினைப்பு வந்தபோது, காய்ந்துகொண்டிருந்த நாடாவைப் பார்த்து அழுகையும் சிரிப்புமாக வந்தது.

அப்போதுதான் மூடிகளைப் பார்த்தாள். பாறை ஓரத்தில் கழுவிக் கவிழ்த்திருந்த தகர டப்பாக்கள் நான்கு. மூடிகளும் நான்கு. இன்னொரு முறை எண்ணினாள்.

"அக்கா, அஞ்சாவது டப்பா?"

மங்கம்மாளின் முகம் வாடியது. "அது ஒண்ணுதான் சரியா செய்ய முடியல கண்ணு. மூடி துருப்புடிச்சி ஒட்டிக்கிச்சி. இவரு கத்தியால நெம்பறேன்னாரு, உள்ள கீறது கிழிஞ்சி போச்சின்னா? நாந்தான் வேணாம்னு சொல்லி சாமைல பொதச்சி வெச்சிகீறேன். ஈரத்த சாமை இழுத்துக்கும். நாளைக்கு எண்ணெ போட்டுத் தொறந்து காய வெச்சிடலாம்."

வீட்டுக்குள் சாமை நிரம்பிய பிளாஸ்டிக் பேரலில் முழங்கை வரை கையை விட்டு, மங்கம்மாள் அந்த டப்பாவை எடுத்தாள். மூடியைச் சுற்றி ஒட்டிய டேப் பழுப்பேறி இருந்தது. கிழியவில்லை. காஷிஃபா அதை வாங்கிக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தாள். உள்ளே கனமாக ஏதோ அசைந்தது. பிள்ளையை வாங்குவதைப் போலத்தான் வாங்கினாள், வேறு எப்படிச் சொல்வது.

இப்போது வேறொரு சிக்கல். மங்கம்மாள் புதுச்சேலை மாற்றிக்கொள்ளப் போய்விட்டாள். சின்னதம்பி புளியமரத்தடியில் நிற்பதா, வீட்டு வாசலில் நிற்பதா என்று நின்று நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மகன் போனில் ஒருமுறை எடுத்தானாம். போன் உடைந்தபோது படமும் போய்விட்டதாம். பாய் சொன்னது காகிதப் படம், அது போகாது என்றார். படம் எப்போது கைக்கு வரும் என்றும் கேட்டார். "ஞாயித்துக்கிழமை கழுவிடுவேன் அண்ணா," என்று காஷிஃபாவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் காமிராவில் ஃபிலிம் இல்லை. இந்த டப்பாவைத் திறந்து, ஒரு துண்டை வெட்டி, டப்பியில் சுற்றினால்தான் உண்டு. அதற்குக் கும்மிருட்டு வேண்டும். இருட்டு எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள்.

வெறும் காமிராவை வைத்து க்ளிக் என்று ஒரு சத்தம் எழுப்பிவிட்டுப் போகலாம். கண்டுபிடிக்க மாட்டார்கள். பிறகு போனில், படம் சரியாக வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். மங்கம்மாளுக்குத் தன் தப்பு தெரியாமலே போகும். இரக்கமான பொய்தான். அதை அவள் நிஜமாகவே செய்திருப்பாள்; காமிராவைக் கையிலும் எடுத்துவிட்டாள். ஆனால் பதினாலு வருடம் மூடியைத் திறந்து பார்க்காத மனிதர், மடிப்புக் கலையாத சட்டையோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார். காலிக் காமிராவை அவருக்கு நேராகத் தூக்க அவளுக்குக் கை வரவில்லை.

மங்கம்மாள் அரக்கு நிறச் சேலையில் வெளியே வந்தாள்.

"அக்கா," என்றாள் காஷிஃபா. "எனக்கு இருட்டா ஒரு ரூம்பு வேணும்."

"இருட்டாவா? எதுக்கு?"

"இத..." கையிலிருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இத வெளிச்சத்துல தொறக்கக்கூடாது."

மங்கம்மாள் கிட்டே வந்தாள். டப்பாவைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பிப் பாறையைப் பார்த்தாள். உச்சி வெயில் நாடா முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப அது எல்லாம்?"

"எம்மேலதான் தப்புக்கா. நான் சொல்லல."

"ஆமா, சொல்லல!" மங்கம்மாளின் குரல் உயர்ந்தது. "பாயி குளுருல வைன்னாரு, வெச்சோம். நீ ஈரம் படக்கூடாதுன்ன, படல. வெளிச்சம்னு ஒரே ஒரு வார்த்த, ஒருத்தராவது சொன்னீங்களா? சொல்லியிருந்தா எம் முந்தானைல சுத்தி அடுப்புக்குப் பின்னால வெச்சிருப்பனே! நல்லா காஞ்சிருக்குன்னு வேற சொல்ற. மனசுல இவ்ளோ வெச்சிக்கினு எப்டி சிரிச்ச நீ?"

சொல்லிவிட்டுச் சேலை கசங்குவதையும் பார்க்காமல் வாசற்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். வாங்க, போங்க எல்லாம் காணாமல் போய் 'நீ' வந்துவிட்டதைக் காஷிஃபா கவனித்தாள். இப்படித் திட்டு வாங்கி எத்தனை நாளாகிவிட்டது. கூடப் பிறந்தவள் திட்டுவதைப் போல இருந்தது. அவள் போய்ப் படியில் மங்கம்மாளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. ஊரு ஊரா தேடினேன். எங்கயும் கெடைக்கல. நீங்க ரெண்டு பேரும் வெச்சிருக்கலன்னா எனக்கு அஞ்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தா, ஒண்ணு கீது. நீங்க கத்திய வேணாம்னு சொன்னதுனால கீது. இது பதினெட்டு ரோலு. எனக்கு ரெண்டு வருசம். யாரு குடுப்பாங்க?"

சொல்லும்போதுதான் அது அவளுக்கே உறைத்தது. தொண்ணூறில் பதினெட்டு என்று இதுவரை வயிறு எரிந்துகொண்டிருந்தது. இப்போது பதினெட்டு என்று மட்டும் இருந்தது. பதினெட்டு முறை, முறைக்கு முப்பத்தாறு முகங்களின் முன்னால் நின்று பார்க்கலாம். மங்கம்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"பதினாலு வருசத்து ஃபிலிமு. நல்லா இருக்குமா?"

"தெரியாதுக்கா. எடுத்துப் பாத்தாதான் தெரியும்."

"புளி போடற ரூம்புக்கு ஜன்னல் இல்ல," என்று எழுந்தாள். "வா."

ஜன்னல் இல்லையே தவிர, கதவு பழைய பலகைக் கதவு. உள்ளே போய்ச் சாத்தியதும் காஷிஃபாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, நல்ல இருட்டு என்று நினைத்தாள். "இரு," என்றாள் மங்கம்மாள். நூறு எண்ணுகிற நேரம் இருவரும் அசையாமல் நின்றார்கள். கண் பழகப் பழக, இருட்டுக்குள் வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக முளைத்தன. கதவின் கீழே ஒன்று, கீல் பக்கம் இரண்டு, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்று. மழைக்கு ஒழுகுகிற இடத்தை அடைப்பவளின் பழக்கத்தில் மங்கம்மாள் சாக்கைத் திணித்தாள், கம்பளியைத் தொங்கவிட்டாள், ஏணி போட்டு ஏறி ஓட்டின் கீழே பழைய வேட்டியைச் செருகினாள். போனையும் காமிராவையும் வெளியே சின்னதம்பியிடம் கொடுத்துவிட்டார்கள். மறுபடியும் நூறு எண்ணினார்கள். இந்த முறை கோடு ஒன்றும் முளைக்கவில்லை. தன் கையைத் தன் கண்ணுக்கு முன்னால் ஆட்டிப் பார்த்தாள் காஷிஃபா. கை இல்லை.

"பிஸ்மில்லாஹ்," என்று டேப்பை உரித்தாள். மங்கம்மாள் கொடுத்த கத்தியில் மூடியின் துரு நெறுநெறுவென்றது. மூடி வந்தது. உள்ளே கறுப்புக் காகிதம், அதற்குள் இறுக்கமாகச் சுற்றிய சுருள். விரல் நுனியால் அதன் விளிம்பைத் தொட்டபோது, இத்தனை வருடத்தில் அதைத் தொடும் முதல் ஆள் தான்தான் என்று தோன்றியது.

"எத்தினி வேணும்?" மங்கம்மாளின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. இருட்டில் ஏன் கிசுகிசுக்க வேண்டும் என்று இருவருக்குமே தெரியாது.

"மூணரை முழம்."

"பூக்காரி முழமா, எம் முழமா?"

காஷிஃபாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. மங்கம்மாளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "ஓரத்த மட்டும் புடிங்கக்கா, நடுவுல வெரல் படக்கூடாது," என்று நுனியைக் கொடுத்தாள். புளியங்கொட்டையைப் பார்க்காமலே எடுத்துப் பழகிய விரல்கள் அவை. ஒன்று, இரண்டு, மூன்று என்று அளந்து, அரைக்கு முழங்கையை மடக்கி, "இங்க வெட்டு," என்றன. காஷிஃபா தடவித் தடவி வெட்டினாள். டப்பியின் தண்டில் ஒட்டினாள். மங்கம்மாள் மறுமுனையைத் தரையில் படாமல் ஏந்திப் பிடித்துக்கொள்ள, சுற்றினாள். முதல் டப்பி முடிந்தது.

இரண்டாவதை அளந்துகொண்டிருக்கும்போது வெளியே போன் அடித்தது. அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. சின்னதம்பி எடுத்துவிட்டார்.

"அலோ? ...ஆமாங்க, அவங்க போனுதான். ...விஜயராஜா? எந்த விஜயராஜு? ...காமிராவா? இங்கதான் கீது, எங் கைல. ...விக்கறாங்களா? எங்கிட்ட அப்டி ஒண்ணும் சொல்லலியே. ...இப்ப கூப்பிட முடியாதுங்க. இருட்டுல கீறாங்க. ...ஞாயித்துக்கெழமயா? இல்லல்ல, ஞாயித்துக்கெழம வராதீங்க. அன்னிக்கி எங்க படத்தக் கழுவறாங்க."

உள்ளே மங்கம்மாள் அளப்பதை நிறுத்தினாள்.

"காமிராவ விக்கப் போறியா கண்ணு?" என்று கேட்டாள் மங்கம்மாள்.

காஷிஃபா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கதவில், நெஞ்சு உயரத்தில், பலகையிலிருந்த ஆணி ஓட்டை வழியாக வெயில் உள்ளே வந்தது. கதவில் தொங்கவிட்ட கம்பளி கொஞ்சம் சரிந்திருக்க வேண்டும். ஊசி கனத்தில் ஒரு வெளிச்சம், தரையில் அவளுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டாக விழுந்தது. அவள் சுருளை வாரி மடியில் போட்டுத் துப்பட்டாவால் மூடி, அதன் மேல் குனிந்துகொண்டாள்.

புதுச்சேலை சரசரத்தது. தரையிலிருந்த பொட்டு அணைந்தது. கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு, இரண்டு கையையும் பலகைகளின் மேல் அகல விரித்துக்கொண்டு மங்கம்மாள் நின்றாள் என்பதை, அவள் வளையல் மரத்தில் உரசிய சத்தத்தில்தான் காஷிஃபா தெரிந்துகொண்டாள்.

"ம்," என்றது இருட்டு. "சுத்து."